வீட்டுப் பொருட்களில் மாட்டிலிருந்து வந்தது எது? நீங்களே கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மாட்டின் எடையில் ஏறக்குறைய பாதிதான் இறைச்சியாகப் போகிறது. மீதி இருக்கும் தோல், எலும்பு, கொழுப்பு, கொம்பு, குளம்பு, குடல், பித்தம், இரத்தம் எல்லாம் வீணாகப் போகிறது என்று நினைத்தால் அது தவறு. சோப்பாக, காப்ஸ்யூலாக, பெல்ட்டாக, பசையாக, செடிக்குப் போடும் உரமாக அது நம் வீட்டுக்குள்தான் வந்து சேர்கிறது. ஆனால் லேபிளில் "மாடு" என்ற சொல் மட்டும் வராது. ஜெலட்டின், ஸ்டீரேட், கிளிசரின் என்று வேறு பெயரில் வரும்.

சைவமாக இருப்பவர்கள், மத நம்பிக்கையால் தவிர்ப்பவர்கள், அலர்ஜி உள்ளவர்கள், சும்மா தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் என்று யாராக இருந்தாலும் தேடும் முறை ஒன்றுதான். இணையத்தில் சுற்றும் பட்டியல்களை நம்பி இறங்காதீர்கள். அவற்றில் பாதி "வந்திருக்கலாம்" என்பதை "வந்தது" என்று எழுதி வைத்திருக்கும், அதைப் படித்துப் பயந்து தேவையில்லாமல் மருந்தை நிறுத்தியவர்களைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

படி 1: எந்தப் பாகம் என்னவாகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

நூறு பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு விஷயம் பிடிபட்டால் முக்கால்வாசி முடிந்தது: ஒன்று கொல்லாஜன், இன்னொன்று கொழுப்பு.

தோலுக்கும் எலும்புக்கும் உறுதி கொடுக்கும் புரதம் கொல்லாஜன். ஒரு சிறிய எலும்பை வினிகரில் சில நாட்கள் ஊறப்போட்டு, நடுவில் ஒருமுறை வினிகரை மாற்றிப் பாருங்கள். சுண்ணாம்புச் சத்து கரைந்துபோய், எலும்பின் வடிவம் அப்படியே இருக்க, ரப்பர் மாதிரி வளையும். அப்படி வளைவதுதான் கொல்லாஜன். ஜெலட்டின் ஆலையிலும் இதுதான் நடக்கிறது, பெரிய அளவில்: எலும்பை நொறுக்கி, கொழுப்பை நீக்கி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, கிடைக்கும் மெத்தென்ற பொருளைச் சுண்ணாம்புக் கரைசலில் பல வாரங்கள் போட்டு வைத்து, கழுவி, வெந்நீரில் வடித்தெடுத்தால் ஜெலட்டின். தோலின் உள் அடுக்கிலிருந்தும் இப்படி எடுக்கலாம். சுத்தம் குறைந்த அதே பொருள்தான் தச்சர்கள் அந்தக் காலத்தில் காய்ச்சிப் பூசிய வச்சிரப் பசை.

அடுத்தது கொழுப்பு. மாட்டுக் கொழுப்பை உருக்கி வடிகட்டினால் கிடைப்பது டாலோ. அதைக் காரத்தோடு சேர்த்தால் சோப்பும் கிளிசரினும் பிரியும். உடைத்துப் பிரித்தால் ஸ்டீரிக், பால்மிட்டிக், ஒலியிக் அமிலங்கள் கிடைக்கும். இதே அமிலங்கள் பாமாயிலிலும் மற்ற தாவர எண்ணெய்களிலும் இருக்கின்றன. பிரித்துச் சுத்தம் செய்த பிறகு மாட்டு ஸ்டீரிக் அமிலமும் பாமாயில் ஸ்டீரிக் அமிலமும் ஒரே பொருள், பெயரை வைத்து மூலத்தைச் சொல்லவே முடியாது. மொத்தக் குழப்பத்துக்கும் காரணம் இதுதான்.

மற்றவை சின்னச் சின்னப் பயன்கள். கொம்பும் குளம்பும் கெரட்டின், அதாவது நம் நகம் மாதிரி. குடல், பித்தம், கணையம், நுரையீரல் ஓரளவு மருத்துவத்துக்கும் போகும். இரத்தத்தைக் காய வைத்துத் தூளாக்கினால் நைட்ரஜன் மிகுந்த உரம், எலும்புத் தூளில் பாஸ்பரஸ்.

படி 2: ஒரு நோட்டில் மூன்று பத்தி (நெடுக்குக் கட்டம்) போடுங்கள்

"உறுதி", "இருக்கலாம்", "இல்லை". மாட்டிலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பொருளையும் இதில் ஒன்றில் எழுதுங்கள், இவ்வளவுதான். ஆரம்பத்தில் நடுப் பத்திதான் நிரம்பி வழியும், அதைப் பார்த்துச் சோர்ந்து போகாதீர்கள். அந்தப் பத்தியைக் குறைப்பதுதான் இனி வேலை.

படி 3: சமையலறை

ஜெலட்டினில் தொடங்குங்கள். மென்று தின்னும் கம்மி மிட்டாய், மார்ஷ்மெல்லோ, ஜெல்லி, சில தயிர் வகைகள், கேக் மேல் பூசும் மௌஸ் எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள். "ஜெலட்டின்" என்று மட்டும் போட்டிருந்தால் அது விலங்குப் பொருள் என்பது உறுதி. ஆனால் மாடா, பன்றியா, மீனா என்பது தெரியாது. ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மாடு இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை, இந்த இடத்தில் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். பெக்டின், அகர் அகர், கராஜீனன் என்று எழுதியிருந்தால் அவை தாவரமும் கடல்பாசியும்தான்.

அடுத்து சீஸ். பாலைத் திரிக்கப் பயன்படும் ரென்னெட், பால் குடிக்கும் கன்றின் நான்காம் வயிற்றிலிருந்து எடுக்கப்படுவது. அதில் வேலை செய்யும் நொதி கைமோசின். 1990-ல் அமெரிக்காவில், நுண்ணுயிர்களை வைத்து உருவாக்கிய கைமோசினுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கப்புறம் சீஸ் தொழில் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டது. எனவே வெறும் "ரென்னெட்" அல்லது "என்சைம்" என்று இருந்தால் நடுப் பத்தி, "நுண்ணுயிர் ரென்னெட்" அல்லது "சைவ ரென்னெட்" என்று இருந்தால் மூன்றாம் பத்தி. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ மாதிரி பாரம்பரிய விதிப்படி செய்யும் சீஸ்களில் கன்று ரென்னெட்தான் போட வேண்டும், அது நேராக முதல் பத்திக்கு.

பிஸ்கட், பிரெட், ஐஸ்கிரீம், சாக்லேட் உறைகளில், சேர்க்கைப் பொருட்களைக் குறிக்கும் எண்கள் இருக்கும். 471 என்பது கொழுப்பிலிருந்து செய்யும் மோனோ, டை கிளிசரைடுகள். 472 வரிசை அதன் உறவினர்கள். 422 கிளிசரின், 570 கொழுப்பு அமிலங்கள். எல்லாமே "இருக்கலாம்" வகைதான், தாவர எண்ணெயிலிருந்தும் ஏராளமாகச் செய்கிறார்கள். 542 மட்டும் வேறு, அது எலும்பிலிருந்து எடுக்கும் பாஸ்பேட். உப்பு, தூள் வகைகள் கட்டி தட்டாமல் இருக்கப் போடுவது. அதைப் பார்த்தால் விலங்குப் பொருள் என்று தயங்காமல் எழுதிக்கொள்ளலாம்.

சர்க்கரை பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கரும்புச் சர்க்கரையை வெள்ளையாக்க, சில சுத்திகரிப்பு ஆலைகள் மாட்டெலும்பைக் கரியாக்கி வடிகட்டியாகப் பயன்படுத்துகின்றன. வேறு ஆலைகள் ஆக்டிவேட்டட் கார்பனோ அயனிப் பரிமாற்றப் பிசினோ வைத்திருக்கின்றன. எலும்புக்கரி சர்க்கரையில் கலந்து வருவதில்லை, சர்க்கரைப் பாகு அதன் வழியாகப் போகிறது, அவ்வளவுதான். பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து எடுக்கும் சர்க்கரைக்கு இந்த வேலையே கிடையாது. பழுப்பாக இருந்தால் எலும்புக்கரி படாதது என்றும் நினைக்காதீர்கள், வெள்ளைச் சர்க்கரையில் மறுபடி கரும்புப் பாகைக் கலந்து பழுப்பாக்கி விற்பதும் உண்டு.

படி 4: மருந்துப் பெட்டி. இங்கே அவசரம் கூடாது

முதலில் ஒன்று. எதைக் கண்டுபிடித்தாலும் நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள், டோஸைக் குறைக்காதீர்கள். மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ "இதே மருந்து ஜெலட்டின் இல்லாமல், மாத்திரையாகவோ சிரப்பாகவோ கிடைக்குமா?" என்று கேளுங்கள். பல நேரம் கிடைக்கும்.

காப்ஸ்யூலின் ஓடு பெரும்பாலும் ஜெலட்டின். தாவர வகை ஓட்டை ஹைப்ரோமெல்லோஸ் அல்லது எச்.பி.எம்.சி. என்று குறிப்பிட்டிருப்பார்கள். தேதி தாண்டி, தூக்கிப்போட வைத்திருக்கும் காப்ஸ்யூல் இருந்தால் வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஓட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் மருந்தைத் தனியே ஒரு தாளில் மடித்து அப்புறப்படுத்திவிட்டு, காலி ஓட்டைக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். ஜெலட்டின் ஓடு கரையாமல் உப்பி, வழவழவென்று விரலில் ஒட்டும். அதையே வெதுவெதுப்பான தண்ணீருக்கு மாற்றினால் சற்று நேரத்தில் உருவமே இல்லாமல் போய்விடும். தாவர ஓடு பெரும்பாலும் குளிர்ந்த நீரிலேயே கரைய ஆரம்பித்துவிடும். இந்தச் சோதனை ஜெலட்டினா இல்லையா என்பதற்குத்தான், எந்த விலங்கு என்பதை இது காட்டாது.

மாத்திரைகளில் ஸ்டீரிக் அமிலத்திலிருந்து செய்யும் மெக்னீசியம் ஸ்டீரேட் இருக்கும், அச்சு இயந்திரத்தில் மாத்திரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சேர்ப்பது, அளவு மிகமிகக் குறைவு. மூலம் மாட்டுக் கொழுப்பாகவும் இருக்கலாம், தாவர எண்ணெயாகவும் இருக்கலாம். நடுப் பத்தி.

இன்சுலினைப் பற்றிப் பழைய பயம் ஒன்று இன்னும் இருக்கிறது. 1922 ஜனவரியில் டொரொன்டோவில் லெனர்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள், அது மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது. முதல் ஊசி சரியாகச் சுத்தமாகாமல் ஒத்துக்கொள்ளவில்லை. ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் சுத்தப்படுத்திக் கொடுத்தது பன்னிரண்டு நாள் கழித்து வேலை செய்தது, சாவின் விளிம்பில் இருந்த பையன் பிழைத்துக்கொண்டான். அதன்பின் அறுபது வருடம் மாடும் பன்றியும்தான் உலகத்துக்கே இன்சுலின் கொடுத்தன. 1982-ல் நுண்ணுயிர்களை வைத்துச் செய்த மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தது, இன்று மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பது கிட்டத்தட்ட எல்லாமே அந்த வழியில் செய்ததுதான். ஆகவே பேனா இன்சுலினை "மாட்டு மருந்து" என்று ஒதுக்க வேண்டிய காரணமே இல்லை.

மாறாக, இன்றும் மாட்டை நம்பி இருக்கும் மருந்துகள் உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் நுரையீரல் விரியக் கொடுக்கும் சர்பாக்டன்ட் மருந்துகளில் சில மாட்டு நுரையீரலிலிருந்து வருகின்றன. இதய வால்வு மாற்று அறுவையில் மாட்டின் இதய உறையைத் தைத்துச் செய்த வால்வு வைக்கிறார்கள். கல்லீரல், பித்தப்பைக்குக் கொடுக்கும் அர்சோடீஆக்ஸிகோலிக் அமிலம் பெரும்பாலும் மாட்டுப் பித்தத்தில் இருக்கும் ஒரு அமிலத்திலிருந்துதான் தயாராகிறது. இவற்றை எழுதும்போது எனக்கு எந்தத் தயக்கமும் வரவில்லை, ஒரு உயிர் காப்பாற்றப்படுகிறது. நீங்கள் என்ன முடிவெடுப்பீர்கள் என்பது உங்கள் விருப்பம், ஆனால் அந்த முடிவு அவசரப் பிரிவின் வாசலில் நின்று எடுக்கும்படி ஆகக்கூடாது, முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வைட்டமின் டி3-ஐயும் மாட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள். அது பெரும்பாலும் ஆட்டுக் கம்பளியின் கொழுப்பான லானோலினிலிருந்து வருவது. ஹெபாரின் என்ற இரத்தம் உறையாமை மருந்து ஒரு காலத்தில் மாட்டு நுரையீரலிலிருந்தும் எடுத்தார்கள், இப்போது பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து.

ஆல்ஃபா-கால் என்ற அலர்ஜி உள்ளவர்களுக்கு இந்தப் படி விருப்பம் சார்ந்தது இல்லை, பாதுகாப்பு சார்ந்தது. சில வகை உண்ணி கடித்த பிறகு, பாலூட்டிகளின் இறைச்சியே ஒத்துக்கொள்ளாமல் போகும் நிலை இது. சாப்பிட்ட உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் தடிப்பும் மூச்சுத் திணறலும் வரும், அதனால் எது காரணம் என்றே பலருக்குப் பிடிபடாது. இவர்களில் சிலருக்கு ஜெலட்டினும் சேராது. அப்படி இருந்தால் சிகிச்சைக்குப் போகும் ஒவ்வொரு இடத்திலும் எழுதிக் காட்டுங்கள்.

படி 5: குளியலறை

சோப்பு உறையில் சோடியம் டாலோவேட் என்று இருந்தால் அது டாலோவேதான், இங்கே யூகமே வேண்டாம். அழகுசாதன லேபிள்களில் "அடெப்ஸ் போவிஸ்" என்று லத்தீனில் இருந்தாலும் மாட்டுக் கொழுப்பு என்றே பொருள். சோடியம் பால்மேட் பாமாயில், சோடியம் கோகோவேட் தேங்காய். சோடியம் ஸ்டீரேட், ஸ்டீரிக் ஆசிட், கிளிசரின் மூன்றும் நடுப் பத்தி. கிரீம்களில் வரும் கொல்லாஜன், எலாஸ்டின் பெரும்பாலும் விலங்கிலிருந்தோ மீனிலிருந்தோ வந்திருக்கும். ஷேவிங் க்ரீம், லிப்ஸ்டிக், டியோடரன்ட் ஸ்டிக் மூன்றையும் மறக்காமல் பாருங்கள், அவற்றில் பல நேரம் ஸ்டீரிக் அமிலமோ ஸ்டீரேட்டோ இருக்கும்.

படி 6: லேபிளே இல்லாத பொருட்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கண்ணும் மூக்கும்தான் கருவி, கூட ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.

தோல் பையோ பெல்ட்டோ இருந்தால் வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நிஜத் தோலில் நார் நாராகப் பின்னிக் கிடக்கும். செயற்கையில் துணி அடுக்கின் மேல் பிளாஸ்டிக் பூச்சு தெரியும். மேற்பரப்பின் மயிர்த்துளைகள் ஒரே சீராக அச்சடித்த மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். ஓரத்திலிருந்து ஒரு நூலளவு துணுக்கை எடுத்து இடுக்கியில் பிடித்துச் சுட்டால், தோல் முடி பொசுங்கும் நாற்றம் அடித்துக் கரியாகும், பிளாஸ்டிக் உருகிச் சுருண்டு மணியாகும். "பாண்டட் லெதர்" என்பது தோல் துணுக்குகளை அரைத்துப் பசையில் சேர்த்து உருட்டியது, கொஞ்ச நாளில் உரிந்து வரும். "ஜெனுவின் லெதர்" என்றால் தோல் என்பது மட்டும்தான் தெரியும், மாடா ஆடா எருமையா என்று அந்தச் சொல்லில் இல்லை.

போன் சைனா கோப்பையில் எடையில் ஏறக்குறைய பாதி எலும்புச் சாம்பல். 1790-களில் இங்கிலாந்தில் ஜோசையா ஸ்போட் இந்தக் கலவையைச் செம்மைப்படுத்தினார். இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே கோப்பையைப் பிடித்து, பின்பக்கம் விரல்களை அசைத்துப் பாருங்கள். விரல்களின் நிழல் சுவர் வழியே மெல்லிசாகத் தெரியும், கோப்பை பால் ஏடு நிறத்தில் லேசாக ஒளிரும். மெல்லிய சாதாரண போர்சிலினும் ஒளியை விடும் என்பதால், அடிப்பக்கம் இருக்கும் முத்திரையையும் சேர்த்துப் படியுங்கள்.

பித்தானோ கத்திப் பிடியோ எலும்பு மாதிரி தெரிந்தால் பூதக்கண்ணாடியில் பாருங்கள். எலும்பில் ஊசி முனை அளவு கருப்புப் புள்ளிகளும் சிறு கோடுகளும் சிதறிக் கிடக்கும், இரத்தக் குழாய்கள் ஓடிய தடம் அது. கொம்பில் புள்ளி இருக்காது, நீளவாக்கில் ஓடும் வரிகளும் அடுக்குகளும் இருக்கும். பிளாஸ்டிக்கில் இரண்டும் இல்லாமல் வார்ப்பு அச்சின் கோடு தெரியும்.

பழைய மர நாற்காலியின் மூட்டு ஆடினால், கசிந்து காய்ந்திருக்கும் பசையில் ஒரு சொட்டு வெந்நீர் வையுங்கள். சில நிமிடத்தில் பிசுபிசுவென்று இளகினால் பெரும்பாலும் வச்சிரப் பசை. வயலின் மாதிரியான கருவிகளைச் செய்பவர்கள் இன்றும் இதை விடாமல் வைத்திருப்பது இந்தக் குணத்துக்காகத்தான், மரத்துக்குச் சேதமில்லாமல் மூட்டைப் பிரித்துப் பழுது பார்க்கலாம்.

ஓவியம் வரைபவர்கள் மூன்றைக் கவனியுங்கள். "ஐவரி பிளாக்" என்ற கருப்பு வண்ணம் இன்று தந்தத்திலிருந்து வருவதில்லை, எலும்புக்கரிதான். வாட்டர்கலர் சீராகப் பரவச் சேர்க்கும் "ஆக்ஸ் கால்" மாட்டுப் பித்தம். "கேமல் ஹேர்" தூரிகையில் ஒட்டக முடி இல்லை, அணில், ஆடு, குதிரை, மாடு என்று எதுவும் இருக்கலாம். விளையாட்டுப் பக்கம் வந்தால் கிரிக்கெட் பந்தின் மேல் தோல் மாட்டுத் தோல், டென்னிஸ் மட்டையின் நரம்பு "நேச்சுரல் கட்" (gut) என்றால் மாட்டுக் குடல். நாய் கடிக்கும் ராஹைட் எலும்பு பதனிடாத தோல்.

படி 7: எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள்

டயர் ரப்பரில் ஸ்டீரிக் அமிலம் சேர்ப்பார்கள், அதன் மூலம் மாட்டுக் கொழுப்பாக இருக்கலாம். பிளாஸ்டிக் பைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கச் சேர்க்கும் பொருளும் அப்படித்தான். 1871-ல் ரிச்சர்ட் மேடாக்ஸ் ஜெலட்டின் பூச்சை முன்வைத்ததிலிருந்து புகைப்படச் சுருள் ஜெலட்டின் இல்லாமல் வந்ததில்லை. சில தீயணைப்பு நுரைகள் குளம்பு, கொம்புப் புரதத்தில் செய்தவை. 2016-ல் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட பாலிமர் (பிளாஸ்டிக்) 5 பவுண்டு நோட்டில் டாலோவின் சுவடு இருப்பது தெரிந்து, லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். வங்கி எல்லாத் தரப்பையும் கேட்டுவிட்டு, 2017-ல் அதே நோட்டைத் தொடர்வதாக முடிவெடுத்தது. பணத்தைத் தொடாமல் வாழ முடியாது. என் கருத்து: வாயில் போடுவது, தோலில் பூசுவது, வாங்கும்போது மாற்று கிடைப்பது, இந்த மூன்றோடு நின்றால் போதும். டயருக்காக மனதை வருத்திக்கொள்ள வேண்டாம்.

படி 8: நடுப் பத்திக்கு நிறுவனத்திடம் கேளுங்கள்

"இது சைவமா?" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். கேள்வியைக் குறுக்குங்கள். "உங்கள் இந்தப் பொருளில், இந்த பேட்ச் எண்ணில், 471 எதிலிருந்து எடுத்தது? தாவரமா, விலங்கா? விலங்கு என்றால் எது? எப்போதும் அதே மூலமா, கொள்முதலைப் பொறுத்து மாறுமா?" கடைசிக் கேள்விதான் முக்கியம். கொழுப்பு அமிலங்களை எது மலிவோ அதிலிருந்து வாங்கும் நிறுவனங்கள் உண்டு. "மாறலாம்" என்று நேர்மையாகச் சொன்னால் அதை அப்படியே எழுதி வையுங்கள். பதில் வந்த தேதியையும் லேபிளின் ஃபோட்டோவையும் சேர்த்து வையுங்கள்.

படி 9: மாற்ற நினைத்தால்

ஜெலட்டினுக்குப் பதில் அகர் அகர் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் இரண்டும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஜெலட்டினைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துச் சூட்டில் கரைத்தால் போதும், கொதிக்க விட்டால் பிடிப்பு குறையும். அகரைக் கட்டாயம் கொதிக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உறையாது. ஜெலட்டின் உடல் சூட்டிலேயே உருகுவதால் வாயில் கரைந்து வழுக்கிப் போகும். அகர் 85 டிகிரி வரை உருகாது, அதனால் பல்லில் நறுக்கென்று உடையும். கம்மி மாதிரி இழுவை வேண்டுமென்றால் பெக்டின்தான் பக்கத்தில் வரும். வேகவைக்காத அன்னாசியும் பப்பாளியும் போட்டால் ஜெலட்டின் உறையவே உறையாது, அவற்றில் உள்ள நொதி புரதத்தை உடைத்துவிடும். அகர் புரதம் இல்லை என்பதால் அந்தத் தொல்லை கிடையாது, ஆனால் பழம் ரொம்பப் புளிப்பாக இருந்தால் அகரைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். அளவும் ஒன்றுக்கு ஒன்று இல்லை, அகர் தூள் ஜெலட்டினை விட வெகு குறைவாகவே தேவைப்படும், முதல் தடவை அரைக் கோப்பை மட்டும் செய்து பாருங்கள்.

செடிக்கு இரத்தத் தூளுக்குப் பதில் புண்ணாக்கு போடலாம், வேலை மெதுவாக நடக்கும். தோல் பொருளில் மட்டும் நான் அவசரப்பட மாட்டேன். ஏற்கெனவே இருக்கும் நல்ல தோல் பையைத் தூக்கிப்போட்டுவிட்டு, இரண்டு வருடத்தில் உரியும் பிளாஸ்டிக் பை வாங்குவதை விட, இருப்பதை எண்ணெய் தடவித் துடைத்து, கிழியும் வரை உபயோகியுங்கள். அடுத்தது வாங்கும்போது நோட்டைப் பார்த்து வாங்கலாம்.